போட்டோ கேட்டால் போச்சு

ஷேர் ஆட்டோவில் ஏறியதும் பிரபாவதி முகத்தைச் சுற்றியிருக்கும் துப்பட்டாவை அவிழ்த்துவிடுவார். டிவியில் வருகிறவர்கள் கூட்டத்தில் முகத்தை மூடுவார்கள்; இவர் திறப்பார். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போய்ச் சேர்வதற்குள் யாராவது ஒருவர் அடையாளம் கண்டு திட்ட வேண்டும். திட்டு விழாத நாளில் அவருக்கு மனசே சரியிருக்காது.

அன்று எதிரில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்தவர் கன்னியம்மா.

“ஏம்மே, நீதானே அந்த ரஞ்சிதம்? அந்தப் பொண்ணு உன்ன இன்னா பண்ணுச்சி? பாயாசத்துல இன்னாத்தையோ கலந்துகினு கீற!”

“வெறும் சக்கரத் தண்ணிக்கா அது.”

“இன்னா தண்ணியோ! நேத்து உன்னால நான் சோறே துன்னல.”

செட்டில் அவருக்குத் தலை வாரிவிடும் நான் பக்கத்தில் இருந்தேன். பிரபாவதி திரும்பி என்னைப் பார்த்தார். அடடா, அந்த முகம்! மேடையேறி விருது வாங்கியவர்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

பதினெட்டு வருடங்களுக்கு முன்பு செங்கல்பட்டில் ஒரு கேபிள் சேனலில் நேயர் விருப்பப் பாடல்களைத் தொகுத்து வழங்கியவர் இவர். நீலத் திரை, பிளாஸ்டிக் பூந்தொட்டி, கையில் மைக். யாருமே போன் செய்யாத நாட்களில் பக்கத்து அறையிலிருந்து அலுவலக ஊழியரே மதுராந்தகம் தாமோதரனாகப் பேசுவார். அடுத்த போனில் கீச்சுக் குரலில் அச்சிறுபாக்கம் பொன்னியாகிவிடுவார். “அவருதான்னு தெரியும். ஆனா ‘சாப்டியா பொன்னி?’ன்னு கேப்பேன். கேக்கணும் இல்ல?” என்கிறார் பிரபாவதி.

அதற்குப் பிறகு சீரியல்கள். நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, கல்யாண வீட்டில் தட்டு ஏந்தி நிற்பவள் என்று பல வருடங்கள். ரஞ்சிதம் என்ற வில்லி அத்தை கிடைத்த இந்த இரண்டு வருடங்களாகத்தான் ஆட்டோவில் திட்டு விழுகிறது.

கோவளத்தில் ஷூட்டிங் நடக்கும் பங்களாவுக்குள் நுழைந்ததும் அவர் கண் முதலில் ஹால் சுவருக்குப் போகும். அங்கே யார் போட்டோவாவது மாலையோடு தொங்கினால், கதையில் அந்த ஆள் காலி. அதனால் செட்டில் யாரிடமாவது போட்டோ கேட்டாலே, அவர் வேறு சீரியல் தேட ஆரம்பித்துவிடுவார். ரஞ்சிதத்தை துபாய்க்கு அனுப்புவதா, விபத்தில் முடிப்பதா என்று ஒரு வாரமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. “துபாய்னா ஆறு மாசத்துல பொட்டியத் தூக்கினு திரும்பி வந்துடலாம். மாலைன்னா எங்கேர்ந்து வர்றது?” என்பார் பிரபாவதி.

மேக்கப் அறையில் நான் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, கலை உதவியாளர் ஜெரோம் வாசலில் வந்து நின்றார்.

“அக்கா... ஒரு போட்டோ வேணும்க்கா. சிரிச்ச மாதிரி.”

சீப்பு நின்றது.

“இன்னா சைசு?”

“பெருசா பிரேம் போடணும்க்கா.”

“துபாய் போறவளா இருந்தா பாஸ்போர்ட் சைசு கேட்டிருப்ப, இல்ல?”

பிரபாவதி போனை எடுத்து வெகுநேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ரஞ்சிதமாக முறைக்கும் படங்கள் எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் அந்தக் கேபிள் சேனலில் எடுத்த பழைய படத்தை நீட்டினார்.

“கையில மைக்கு தெரியுதேக்கா.”

“வெட்டிக்கோ.”

“சின்னப் பொண்ணா கீறியே இதுல!”

“செத்தவகிட்ட எவன்டா வயசு கேக்கப் போறான்?”

அவர் மறுபடியும் தலையை வாரக் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் சாகும் காட்சியை முடித்துவிட்டு, ரஞ்சிதத்தின் சேலையோடு ஹாலுக்கு வந்தார். படம் சுவரில் ஏறியிருந்தது. பிளாஸ்டிக் சந்தன மாலை, கீழே சிவப்பு பல்பு.

இயக்குநர் தமிழ்வாணன் அவர் முகத்தைப் பார்க்காமலேயே, “கதை அப்டிப் பூடுச்சிம்மா” என்றார்.

“இந்தப் போட்டோ தெனமும் வருமா சார்?”

“ஹால் சீன் எல்லாத்துலயும் வரும்மா.”

பிரபாவதி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கன்னத்தில் பாதியை மறைத்த மாலையை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். அங்கிருந்தே கேமராமேனைத் திரும்பிப் பார்த்து, “இப்ப மூஞ்சி ஃபுல்லா தெரியுதா அண்ணாத்த?” என்று கேட்டார்.

அவர் கேமராவில் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தும்வரை, பிரபாவதி நாற்காலியை விட்டு இறங்கவில்லை.