டைல்ஸ் போட்ட கேரவன்

அம்மையப்பனை நம்பி ஒரு சுவரைக் கொடுக்கலாம். ராஸ் அல் கைமா டைல்ஸ் கம்பெனியில் இருபத்தேழு வருஷ சர்வீஸ். விரலால் சுண்டிப் பார்த்தே கல்லில் விரிசல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஆனால் சக்கரம் வைத்த எதையும் அவர் கையில் கொடுக்கக்கூடாது. இது எல்லோருக்கும் புரிந்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

மகளைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் அவர் மனைவி சுந்தராம்பாள் முப்பது நாள் விசிட் விசாவில் வரச் சம்மதித்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அதில் இருவரும் சேர்ந்து இருந்த நாட்களையெல்லாம் கூட்டினாலும் இரண்டு வருஷம் தேறாது. இந்த முப்பது நாளாவது குடும்பம் நடத்திவிட வேண்டும் என்று அவருக்கு வெறி. கேம்ப்பில் ஒரு ரூமுக்கு ஆறு ஆம்பிளைகள். பெண்கள் வாசல்படி ஏறக்கூடாது. அப்போதுதான் மெக்கானிக் இர்ஷாத்தின் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் கிடந்த பழைய கேரவன் அவர் கண்ணில் பட்டது. குளிர்காலத்தில் அரபிகள் பாலைவனத்துக்கு இழுத்துப் போய்த் தங்குகிற வண்டி. அடுப்பு மேடை, கட்டில், சின்ன பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருந்தன. கம்பெனி ஸ்டோரைப் பார்க்கும் அரபி, தன் பேரீச்சந்தோட்டத்தில் அதை ஒரு மாதம் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். ஆசை வெட்கமறியாது, அறிவையும் அது கிட்டே சேர்ப்பதில்லை.

ஆறு மாதம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினார். வெயிலில் கூரையின் மூட்டுகள் வாய் பிளந்திருந்தன. அவருக்குத் தெரிந்த மருந்து, டைல்ஸ் இடுக்கில் பூசும் மாவு. அதையே குழைத்துப் பூசினார். வண்டியை இர்ஷாத் நாலடி தள்ளியதும் அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"பாய், யே காடி ஹை, கர் நஹி," என்றான் இர்ஷாத். இது வண்டி பாய், வீடு இல்லை. பிறகு ரப்பர் பசையை வாங்கி வந்து, எப்படிப் பூசுவதென்று அவனே காட்டிக் கொடுத்தான். சக்கரத்துக்கு கிரீஸ் வைத்தான், டயர் மாற்றினான். அம்மையப்பன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலை ஆடியதே தவிர, உள்ளே ஒன்றும் இறங்கவில்லை.

கடைசியாகத் தரை. பழைய பலகை நனைந்து ஊறி, மிதித்தால் அமுங்கியது. புதுப் பலகை போட்டிருந்தால் ஒரு நாள் வேலை. ஆனால் ஊரில் அவர் வீடு இன்னும் சிமெண்ட் தரைதான். "ஊரு உலகத்துக்கெல்லாம் டைல்ஸ் அனுப்புறீங்க, எனக்குத்தான் கொடுப்பினை இல்ல," என்று சுந்தராம்பாள் போனில் எத்தனையோ தடவை சீண்டியிருக்கிறாள். அதனால் இரும்புத் தகடு வைத்து, கலவை பரப்பி, கம்பெனியில் கழித்துப்போட்ட பெரிய கற்களைக் கேட்டு வாங்கி வந்து பதித்தார். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு தரை. தெரிந்த தொழிலை விட்டவனும் கெட்டான், தெரியாத தொழிலைத் தொட்டவனும் கெட்டான் என்பார்கள். தெரிந்த தொழிலைத் தெரியாத இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவனைப் பற்றி ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

"வஜன் ஜாஸ்தி, பாய்," என்று கனத்தை நினைத்து முகம் சுளித்தான் இர்ஷாத்.

"ரெண்டே பேருதான்ப்பா இருக்கப் போறோம்," என்று சிரித்தார் அம்மையப்பன்.

சுந்தராம்பாள் வருவதற்கு முந்தின நாள் இர்ஷாத் தன் பிக்கப்பில் கேரவனைக் கட்டி இழுத்தான். தோட்டத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அச்சு முறிந்தது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து தார் ரோட்டில் உராய்ந்து நின்றது. அம்மையப்பன் ஓரமாக மணலில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். லாட்ஜ் எடுக்கக்கூட வழியில்லை. கையிருப்பெல்லாம் வண்டிக்குள் போயிருந்தது.

மளிகைக்கடை செய்கு முகம்மதுதான் கைகொடுத்தார். கீழக்கரைக்காரர். "அண்ணே, அவுக எனக்குத் தங்கச்சி மாதிரி. எங்க வீட்டுல பிள்ளைகளோட இருக்கட்டும்," என்றார். அவர் மனைவி ருக்கையாவும் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் அது ஒரே ஒரு படுக்கையறை உள்ள ஃபிளாட். அம்மையப்பன் டூட்டி முடிந்து போவார், ஹாலில் உட்காருவார், டீ குடிப்பார். எதிர் சோபாவில் சுந்தராம்பாள். நடுவில் டிவி. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி "சாப்பிட்டியா?" என்று கேட்பார். "ஆச்சுங்க" என்பாள். ஒன்பது மணிக்குக் கேம்ப் பஸ். இப்படியே இருபத்தொன்பது நாள் போனது.

விமானம் ஏறுகிற அன்று, "அந்த வண்டியக் காட்டுங்க, பாத்துட்டுப் போயிடுறேன்," என்றாள். செய்கு முகம்மது காரை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இர்ஷாத் கிரேன் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து போட்ட கேரவன் அங்கே ஒருக்களித்துக் கிடந்தது. சுந்தராம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, சரிந்த தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"அழகாத்தாங்க போட்டிருக்கீங்க."

"அடுத்த தடவ நீ வரும்போது பலகையே போட்டுர்றேன், சுந்தரா."

"இந்தத் தடவயே போட்டிருக்கலாம்லங்க? வெறும் தகரத்துல பாய விரிச்சிருந்தாலும் நான் படுத்திருப்பனே. தரைய யாருங்க கேட்டா? நான் ஒங்களத்தானே கேட்டேன்."

அவர் குனிந்து ஒரு கல்லை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"பாய் அண்ணன அரை மணி நேரம் இருக்கச் சொல்லிட்டு வாங்க," என்றாள். சொல்லிவிட்டு வந்தார். அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தரையில் படுத்தாள். அவரும் பக்கத்தில் படுத்தார். தரையின் சரிவில் அவர் அவள் பக்கமாக நழுவினார், அவள் விலகவில்லை. உள்ளே புழுக்கம், வேர்த்துக் கொட்டியது.

அரை மணி ஆனதும் செய்கு முகம்மது ஒரு தடவை, மெதுவாகத்தான், ஹாரன் அடித்தார். சுந்தராம்பாள் எழுந்து புடவையை உதறிக்கொண்டு, "நேரமாச்சுங்க," என்றாள்.