நைனாவின் ஜெபம்

கடவுளிடம் சொந்த மகளைப் பற்றிக் கோள் மூட்டிய முட்டாள் ஊரிலேயே நான் ஒருவன்தான். கல்லூரி போன பிறகு குடும்ப ஜெபத்துக்கே வராதவள், நேற்று அவளாகவே வந்து பாயில் உட்கார்ந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆண்டவரே, ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டுத் தூங்குகிற பிள்ளையை மன்னியும்" என்று உருக்கமாக இழுத்தேன். அடுப்பில் சாம்பார் அடிபிடிக்கும் வாடை வந்தது.

அதே வாடைதான் செஞ்சியில் எங்கள் பழைய வீட்டிலும். குழம்பு கருகினாலும் நைனா ஆமென் சொல்லாமல் அம்மா எழ முடியாது. எங்களைத் திட்டுவதையும் நைனா ஜெபத்திலேயே முடித்துக்கொள்வார். "கர்த்தாவே, கோட்டைப் பாறை மறைவில் பீடி இழுத்த இந்தப் பிள்ளையைத் தொட்டருளும்!" கர்த்தர் தொடுவதற்குள் நைனாவின் கை என் முதுகைத் தொட்டுவிடும். கோரைப்பாய் முழங்காலில் குத்த, இவரைப்போல் ஜெபிக்கவே கூடாது என்று பல்லைக் கடித்தேன். இப்போது வழுக்கை உட்பட அவராகவே ஆகியிருக்கிறேன். என்மேலேயே எனக்கு எரிச்சல்.

கண் திறந்தபோது மகள் எழுந்துவிட்டிருந்தாள்.

"இன்னாம்மா, ஆமென் கூட சொல்லல? நாளைக்கு வருவ இல்ல?"

"ஆண்டவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீ என்னாண்ட பேசுப்பா."