சுட்ட பவளம்

தங்கை மல்லிகாவின் மகள் கிழக்குக் கரைக்குப் போய்வந்து, இன்று காலை என் மேசையில் ஒரு வெள்ளைப் பவளத் துண்டை வைத்தாள். "கடல் தண்ணி சூடாகி எல்லாம் வெளுத்துச் செத்துப் போச்சு மாமா" என்றாள்.

அந்த வெண்மை எனக்குப் பழக்கம். மலைநாட்டுப் பலாபத்வலயில் எங்கள் வீட்டு முற்றத்தில், வருடப்பிறப்புக்கு முன்னால், அந்தக் கரையிலிருந்து நாவுல வழியாக வரும் லொறி ஒரு பவளப்பாறையையே கொட்டிவிட்டுப் போகும். கடலுக்குள் அலவாங்கால் உடைத்து, சூளையில் சுட்டு, சுவருக்கு வெள்ளையடிக்க அனுப்பிய பாறை அது. சுட்ட பிறகும் விரல்விரலாகவும் காளான் குடையாகவும் பூவிதழாகவும் வடிவம் குலையாமல், ஊதினால் பறக்கும் பொடி மூடிக் கிடக்கும். குழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் சீறி, வெடித்து, கொதித்து, கடைசியில் வெறும் சுண்ணாம்புக் கூழாகிவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்கவே நாங்கள் சுற்றிக் குந்தியிருப்போம்.

ஒரு வருடம், சின்னப் பிள்ளையாக இருந்த மல்லிகா, பூப்போன்ற ஒரு துண்டை ஒளித்து எடுத்துப்போய்ப் பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில் கழுவினாள். அது கைக்குள் சூடேறி அசைந்தது. அவள் விடாமல் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"உயிர் வருது அண்ணா, உயிர் வருது!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள். விரல்களைப் பிரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

"கடல்ல இருந்ததையே கொன்னு சுட்டாச்சு, பாப்பா பீலித் தண்ணியில வளக்கப் பாக்குதுங்க ஐயா" என்றார் வெள்ளையடிக்க வந்திருந்த மேசன் பாஸ். அப்பாவும் சிரித்தார்.

வருடப்பிறப்பன்று புதிதாக வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் எங்களை நிறுத்திப் படம் எடுத்தார்கள். கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னார் அப்பா. "அழுத மூஞ்சி படத்துல விழக்கூடாது, சிரி" என்றார்.

மல்லிகா சிரித்தாள்.