பஸ்ஸில் கிடைத்த மேதை

தோழிகளே, வெட்கத்தை விட்டு இந்த மெயிலில் சொல்கிறேன். நாற்பத்திரண்டு வயதில் குழந்தை வளர்ச்சி படிக்கக் கல்லூரியில் சேர்ந்த நான், நாளை கொடுக்கவேண்டிய ரெக்கார்டில் இன்று மதியம்வரை ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை அரைமணி நேரம் கவனித்து எழுதவேண்டும். இல்லாவிட்டால் பரீட்சைக்கு விடமாட்டார்கள்.

போத்தனூர் பஸ்ஸில் எதிர்சீட்டில் அம்மாவோடு ஒரு குட்டிப்பெண் மாட்டினாள்.

"ரெண்டரை வயசுதானுங்க, டிக்கெட் வேண்டாமுங்க" என்று அவள் அம்மா கண்டக்டரிடம் சொன்னதுமே நோட்டைத் திறந்தேன்.

குழந்தை கடை போர்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்தது. இருபதுவரை எண்ணியது. மேதை! பக்கம்பக்கமாக எழுதினேன்.

அம்மாவின் முகம் வெளுத்தது. "ஏனுங்க, என்ற புள்ளையவே பாத்துப் பாத்து என்னங்க எழுதறீங்க?"

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. பின்சீட்டிலிருந்து ஒருவர் எழுந்தார். "புள்ள புடிக்கறவளாட்டத் தெரியுது. கண்டக்டர், வண்டிய நிறுத்துங்க!"

"காலேஜ் ரெக்கார்டுங்க, அம்மணி" என்று நோட்டை நீட்டினேன்.

படித்துப் பார்த்த அந்த அம்மா பெருமூச்சு விட்டார். "டிக்கெட் செக்கிங்னு பயந்துபோட்டனுங்க்கா."

மூன்று வயதுக்குள் நிஜமாகவே குழந்தை வைத்திருப்பவர்கள் உடனே பதில் மெயில் போடுங்கள். இறங்கும்போது அந்த அம்மா என் காதில் சொன்னது: "பாப்பாவுக்கு அஞ்சு முடிஞ்சுபோச்சுங்க்கா."