வியாழக்கிழமை விழுந்த முப்பத்தொன்று

இரத்தினசிங்கம் அண்ணையைப் பற்றி டென்மார்க்கில் எங்கள் இக்காஸ்ட் ஊரில் யாரிடமும் கேளுங்கள், "ஐயோ, அந்த ஐஸ்லாந்துக்காரனோ?" என்பார்கள். மனுசன் ஐஸ்லாந்தைக் கண்ணாலும் கண்டதில்லை. இருபத்தைந்து வருடமாக என் காரில் ஏறித் தொழிற்சாலைக்கு வருகிறவர். மகன் யதுர்சன் ஐஸ்லாந்தில் ஒரு மீன்பிடி ஊரின் கூடைப்பந்து அணிக்கு விளையாடப் போனான். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம்.

ஹேண்ட்பால் தவிர வேறொன்றும் தெரியாத இக்காஸ்டில், காருக்குள் இருந்து நான் அண்ணையிடம் கூடைப்பந்து படித்தேன். "எழுபத்தொண்டிலை மீன் வெட்டுற ஆக்கள் சேர்ந்து தொடங்கின கிளப்படாப்பா. பள்ளிக்கூட மண்டபத்திலைதான் விளையாட்டு. எண்பத்தெட்டிலை முதலாம் பிரிவுக்கு ஏறினவை. ரெண்டு தரம் கிண்ணம் எடுத்திருக்கினம். லீக்கிலை சம்பியன் மட்டும் ஆகேல்லை. நாலு தரம் இறுதியாட்டம், நாலும் தோல்வி." கடைசித் தோல்வி ஒரே ஒரு புள்ளியால். "உந்தக் குறையை என்ரை பெடியன் தீர்ப்பான், பார்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஏப்ரலில் அவருடைய தமையன் இராசநாயகம் மாரடைப்பில் போய்விட்டார். கல்யாணம் கட்டாத மனுசன். யதுர்சன்தான் பறந்து வந்து பெரியப்பாவுக்குக் கொள்ளிக் கடமை செய்தான். அதைச் செய்தவனே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் செய்யவேண்டும். வருவேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

முப்பத்தொன்று வியாழக்கிழமை விழுந்தது. டென்மார்க்கில் நாங்கள் எதைத்தான் விழுந்த நாளில் செய்கிறோம்? பிறந்தநாள், சாமத்தியவீடு, செத்தவீட்டுக் கிரியை எல்லாவற்றையும் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுவோம். "வேலைநாளிலை ஆர் அண்ணை வருவினம்? சனி வையுங்கோ" என்று முதலில் சொன்னவன் நான்தான். ஐயரும் பரவாயில்லை என்றார். ஹோல் எடுத்து, நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடும் சொல்லியாயிற்று.

அந்த வருடம் யதுர்சனின் அணி ஐந்தாம் தரமாக இறுதிக்கு வந்தது. ஐந்து ஆட்டத்தில் மூன்று வென்றால் சம்பியன். நாலு ஆட்டம் முடிய இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது அதே சனிக்கிழமை பின்னேரம், ஐஸ்லாந்தில்.

யதுர்சன் போன் எடுத்தபோது நாங்கள் காரில் இருந்தோம். வியாழன்தானே சரியான நாள், வியாழன் செய்தால் வெள்ளி திரும்பிப் போய்விடலாமே என்று டேனிஷில் கத்தினான். பிறகு தமிழுக்கு மாறினான். "அப்பா, பிளீஸ். பெரியப்பா சனிக்கிழமைதான் வேணும் எண்டு கேட்டவரோ?"

"எல்லாருக்கும் சொல்லியாச்சடா. சனம் என்ன சொல்லும்?"

அண்ணை என் பக்கம் திரும்பினார். "மாத்துவம் அண்ணை" என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பார். நான் றோட்டைப் பார்த்தபடி ஓட்டினேன். எனக்கு வியாழன் லீவு இல்லை. அவ்வளவுதான் காரணம், தூ!

சனிக்கிழமை யதுர்சன் வந்து பிண்டம் வைத்தான். நாங்கள் வடை பாயாசத்தோடு வயிறு முட்டச் சாப்பிட்டோம். பின்னேரம் ஹோல் மூலையில் அண்ணை போனில் ஆட்டம் பார்த்தார். அணி ஏழு புள்ளியால் வென்றது. ஐம்பது வருடத்துக்கு மேல் காத்திருந்த ஊர்! அண்ணை எழும்பிக் கைதட்டினார். மேசை துடைத்துக்கொண்டிருந்த மகனைக் கண்டதும் கையை மடக்கிக்கொண்டார்.

"விளையாடின பன்னிரண்டு பேரிலை நான் இல்லை, அப்பா" என்றான் யதுர்சன்.

அந்தக் கிளப் அவனை மறுபடி எடுக்கவில்லை. இப்போது அதே நாட்டில் இரண்டாம் பிரிவு அணி ஒன்றில் இருக்கிறான். வீட்டுக்கு வருவதில்லை.

இந்த வருடம் ஏப்ரலில் இராசநாயகத்தின் ஆட்டைத்திவசம், முதலாண்டுக் கிரியை. திதி புதன்கிழமை என்றார் ஐயர். யாரோ சனி என்று வாயெடுக்க, அண்ணை பாய்ந்தார். "புதன் எண்டால் புதன்தான்! ஒருத்தரும் வரவேண்டாம். என்ரை பிள்ளை வந்தால் காணும்."

லீவு போட்டுவிட்டுப் போனேன். ஐயர், அண்ணை, அவர் மனைவி தங்கமலர், நான். வேறு யாரும் இல்லை. பத்தரை வரை அண்ணை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே தர்ப்பையை வாங்கி விரலில் போட்டார்.

"அவனுக்கு இண்டைக்கு மட்ச் இருக்கு, பாவம்" என்றார் என்னிடம்.

மகனுடைய ஆட்ட அட்டவணையை மனப்பாடமாக வைத்திருக்கிற மனுசன். யதுர்சனின் அணிக்கு இந்த வருட ஆட்டங்கள் மார்ச்சிலேயே முடிந்துவிட்டன, அது எனக்கே தெரியும்.