நாற்பத்து நாலு படிகளும் சந்திரமௌலியும்

"ஜஹாங்கீர் சாகேப், செத்தே நீங்கி இரியும். சம்ஸ்கிருதம் வராராக்கும்."

சொல்வது சந்திரமௌலி. கேட்டுக்கொள்வது இரண்டு விரல் அகலமுள்ள ஒரு மஞ்சள் காகிதத் துண்டு. ஜூன் மாதத்தில், மாதுங்காவின் ஒரு கல்லூரி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது, காலை எட்டு மணிக்கு அதன் ஆபீசை எட்டிப் பார்த்தால், ஐம்பத்திரண்டு வயதுக் குமாஸ்தா ஒருவர் தரையில் முழங்காலிட்டுக் கதவளவு அட்டை ஒன்றின்மேல் கவிழ்ந்திருப்பதைக் காணலாம். அந்த அட்டைதான் வருஷத்து டைம்டேபிள். புரொபஸருக்கு ஒரு வர்ணம். பொருளாதாரம் சொல்லித்தரும் ஜஹாங்கீர் மஞ்சள், சம்ஸ்கிருதம் காவி, கணக்கு பச்சை. துண்டை நகர்த்தினால் மனிதர் நகர்ந்துவிடுவார் என்பது சந்திரமௌலியின் நம்பிக்கை.

யுத்தத்திற்கு முன் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக்கொண்டிருந்தார். ரேஷன் வந்தபின் மனைவி அகிலாண்டம், "கூப்பன் அரிசியிலே புரொபஸரை ஒட்டறதாவது!" என்று கையிலிருந்த பருக்கையைப் பிடுங்கிக்கொண்டுவிட்டாள். இப்போது புளியங்கொட்டைப் பசை. ஒரு வருஷம் எறும்புகள் பிரெஞ்சுப் பாடம் முழுவதையும் தின்றுவிட்டன என்றும், பிரெஞ்சு எடுத்த நாலு பேரும் வகுப்பே இல்லாமல் படித்துத் தேறினார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவள் நான்தான். ஆனால் நாலு பேர் தேறியது நிஜம்.

எங்கள் கட்டடத்தில் எதிர் வீட்டுக்காரர். பாலக்காட்டிலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகியும் பேச்சில் பாலக்காடு அப்படியே இருக்கிறது. இடக் காதில் சிவப்புப் பென்சில், வலக் காதில் நீலப் பென்சில். மழைக்காலத்தில் குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடி ஆபீசுக்குப் போவார். ஏன் என்று கேட்டால், "குடை நனைஞ்சா ரிஜிஸ்தர் மேலே சொட்டும். நான் நனைஞ்சா துடைச்சுக்கலாமே" என்பார். பதில் சரியாகத்தான் இருக்கிறது. எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்று இதுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இவரைப் பற்றி எழுதக் காரணம் வேறு. பதினோரு வருஷங்களுக்கு முன் நாணு என்ற மாணவன் லோகல் ரயிலில் ஏறும்போது தவறி விழுந்து ஒரு காலை இழந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம் கட்டை ஊன்றிக் கல்லூரிக்கு வந்தான். நாலாவது வாரம், படிப்பை நிறுத்திக்கொள்வதாக ஒரு பாரத்தைக் கொண்டுவந்து நீட்டினான். காரணம் என்ற கட்டத்தில், 'மாடி ஏற முடியவில்லை' என்று எழுதியிருந்தான்.

"முத்திரை குத்தினது நானாக்கும்" என்பார் சந்திரமௌலி. "குத்தறச்சே ஒண்ணும் தோணலை. ஆத்துக்கு வந்து இலையிலே உக்காந்தப்போ தோணித்து, அட்டையிலே ரெண்டு துண்டை நகத்தியிருந்தா போறுமேன்னு."

அன்றுமுதல் அவர் பொய் சொல்ல ஆரம்பித்தார். வேறு எதற்கும் வாய் வராத மனிதர், இதற்காக மட்டும் கூசாமல் புளுகுவார். திக்குவாய்ப் பையன் ஒருவன், பெயர் கூப்பிடும்போது 'பிரசண்ட் சார்' சொல்ல முடியாமல் தினம் செத்துப் பிழைத்தான். "கையெழுத்து வாங்கினா மூணு நிமிஷம் மிச்சம்" என்று புரொபஸர்களிடம் ஓதி, கல்லூரி முழுவதிலும் பெயர் கூப்பிடுவதையே ஒழித்துவிட்டார். காது மந்தமான ஒருவனுக்காக, மெல்லப் பேசும் புரொபஸரிடம் போய், "பிரின்ஸிபல் ஜன்னலண்டை நின்னு கேட்டாராம். ஒண்ணும் கேக்கலையாம்" என்றார். மறுநாளிலிருந்து அந்தப் புரொபஸர் போட்ட சத்தம் தாதர் வரை கேட்டது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மாதுங்கா ஸ்டேஷன் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காக இதெல்லாம் என்பது அந்தப் பையன்களுக்கே தெரியாது. "ஆருக்கும் தெரியப்படாது. தெரிஞ்சா மனசு கூசும்" என்பது அவருடைய கட்சி.

பூமாரி வந்து சேர்ந்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு. தாராவிப் பெண். அப்பா ஆறுமுகநயினார் ரெயில்வே பட்டறையில் ஃபிட்டர். நாலு வயதில் வந்த ஜுரம் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. கக்கத்தில் கொடுத்து ஊன்றும் கட்டையை அப்பாவே செய்து, அடியில் ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டியிருந்தார். தினமும் சைக்கிள் காரியரில் உட்கார வைத்துக் கொண்டுவந்து விட்டுப் போவார். அவள் வந்த நாள்முதல் கல்லூரியின் இரண்டாம் மாடி திடீரென்று ஒழுக ஆரம்பித்தது. புறாக்கள் பெருகின. ஜஹாங்கீர் சாகேபுக்கு மேலே அனுப்பும் டீ ஆறிப்போயிற்று. ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். பூமாரி இன்டர்மீடியட் தேறினாள். சரித்திரத்தில் அவள்தான் முதல்.

பி.ஏ.வுக்கு அந்தச் சரித்திரத்தையே சிறப்புப் பாடமாகக் கேட்டு எழுதிக் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் சந்திரமௌலிக்கு வியர்த்துவிட்டது. இன்டர்மீடியட் சரித்திரம் எடுத்தவர் வேறு. பி.ஏ. சரித்திரப் புரொபஸர் இரண்டாம் மாடியில் ஓர் அறை முழுவதும் தேசப்படங்களை ஆணியடித்து வைத்திருப்பவர். ஒன்பது வருஷமாக அங்கிருந்து அசையாதவர். இவர் போய் ஒழுகுகிறது என்றார். "நான் நனைந்ததில்லையே" என்றார் அவர். புறா என்றார். "இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார். கடைசி அஸ்திரமாக, பரீட்சையில் தோற்ற ஒருவனுடைய ஆவி அந்த அறையில் நடமாடுகிறது என்றார். புரொபஸர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நேரில் கண்ட சாட்சி யார்? எழுத்து ஆதாரம் உண்டா?" என்று கேட்டார். சரித்திரக்காரரிடம் போய்ப் பேய்க்கதை சொன்னால் வேறென்ன கேட்பார்!

நல்ல மனிதர் ஒரு தப்புச் செய்தது அதற்கப்புறம்தான். யார் எந்தப் பாடம் என்ற ஜாபிதா சனிக்கிழமைக்குள் யூனிவர்சிடிக்குப் போயாக வேண்டும். போனபின் மாற்ற முடியாது. சந்திரமௌலி பூமாரியின் பாரத்தை எடுத்து, சரித்திரம் என்றிருந்ததை அடித்துவிட்டுத் தத்துவம் என்று எழுதினார். தத்துவம் கீழே நாலாம் நம்பர் அறையில் நடக்கிறது.

வியாழக்கிழமை ஜாபிதாவைப் பலகையில் ஒட்டினார்கள். என் பேரனுக்கு ஒரு சர்டிபிகேட் வேண்டி நான் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கட்டை டக் டக்கென்று வந்து நின்றது.

"சார், நான் சரித்திரம்னு எழுதிக் குடுத்தேன். தத்துவம்னு போட்டிருக்கு. யாரு மாத்துனது?"

சந்திரமௌலி மைக்கூட்டைப் பார்த்தார். "கிளார்க்கோட கைப்பிசகா இருக்கும்."

"எந்தக் கிளார்க்கு?"

அந்த ஆபீசில் இருப்பதே ஒரு கிளார்க்குத்தான்.

"நானாக்கும்" என்றார். "குழந்தே, கேளு. தத்துவம் உசந்த பாடம். புரொபஸர் தங்கமான மனுஷன். நாலாம் நம்பர் ரூம், வாசல்லேருந்து பத்தடி..."

"ரூம் நம்பரப் பாத்தா சார் பாடம் எடுக்கச் சொல்லுதீங்க?"

"மேலே நாப்பத்து நாலு படி. உன்னாலே முடியாதுன்னு அந்தப் புரொபஸர் வாயாலே நீ கேக்கப்படாதுன்னாக்கும் நான்..."

"அதுக்கு நீங்களே முடியாதுன்னு எழுதிட்டீங்களா? அவுக வாயால சொல்லியிருந்தா நான் திருப்பி நாலு கேட்டிருப்பேன். நீங்க பேசாம எழுதிப்போட்டா நான் யாருகூடப் போயிச் சண்ட போட?"

பியூன் அபுதாஹிர் அடுக்கிக்கொண்டிருந்த காகிதங்களை அப்படியே வைத்துவிட்டான்.

"மச்சு ஒழுகுது, புறா எச்சம் போடுதுன்னு நீங்க சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும் சார். மேல படிக்க பிள்ளைககிட்டக் கேட்டேன். ஒரு சொட்டு ஒழுகலயாம். சரி, நமக்காவத்தான் செய்தாகன்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். அது ரூமு. இது எம் படிப்பு. எங்கய்யாவுக்கு எழுத்து ஒண்ணும் தெரியாது. அவுககூட என்ன பாடம்னு என்னக் கேட்டுட்டுத்தான் பாரத்துல கைநாட்டு வச்சாக."

சந்திரமௌலி காதிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார், திரும்பச் செருகினார். பதினோரு வருஷமாக அவர் கட்டிய பொய்களெல்லாம் அந்தப் பெண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாக விழுவது போலிருந்தது, அவர் முகத்தைப் பார்த்தால். பிறகு பாரத்தை எடுத்துத் தத்துவத்தை அடித்தார். சரித்திரத்தை எழுதினார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அப்புறம், இத்தனை வருஷத்தில் எந்த மாணவனிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"செரி. உனக்கு என்னவாக்கும் வேண்டியது? சொல்லு."

பூமாரி தயாராக வந்திருந்தாள். "சரித்திரம் ரெண்டு பீரியடும் சேந்தாப்புல வரணும். ஒரு நாளைக்கு ஒருக்கத்தான் ஏறுவேன். அதுக்கு முந்தின மணி சும்மா இருக்கணும், மெதுவா என் கதிக்கு ஏறிக்கிடுவேன். நடு மச்சுல ஒரு நாற்காலி. அம்புட்டுதான். தூக்கிவிட ஆள் அனுப்பாதீங்க. பொய்யும் சொல்லாதீங்க."

"நாற்காலி கை வெச்சதா, வெக்காததா?"

"வச்சது. ஊணி எந்திரிக்கணும்லா?"

அன்று மாலையே அட்டையைத் தரையில் கிடத்தி, உலர்ந்து இறுகியிருந்த துண்டுகளைப் பேனாக்கத்தியால் சுரண்டத் தொடங்கினார். ஒரு துண்டை எடுத்தால் ஐந்து துண்டு இடம் கேட்கும். இரண்டு நாள் ஆயிற்று. கை வைத்த நாற்காலி கல்லூரியில் ஒன்றுதான் உபரியாக இருந்தது, அதுவும் பிரின்ஸிபல் அறையில். பிரம்புப் பின்னல் அறுந்துவிட்டது, சரிபண்ண அனுப்பவேண்டும் என்று வழக்கம்போல ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டு வாசல்வரை போனவர், பொய் கூடாதென்ற நிபந்தனை ஞாபகம் வந்து அங்கேயே நின்றாராம். வேறு வழியில்லாமல் உள்ளே போய் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். பிரின்ஸிபல் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "எடுத்துப் போங்கள்" என்றார்.

சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் நின்று சந்திரமௌலி புலம்பினார்: "மாமி, ஒரு நிமிஷம் ஆகலை! கேட்டா அப்பவே குடுத்திருப்பா போலிருக்கே! பதினோரு வருஷம் நான் எத்தனை புறாவை வளர்த்தேன்!"

முதல் சரித்திர வகுப்பு புதன்கிழமை. சர்டிபிகேட்டில் தேதி தப்பு என்று ஒரு பொய்யை வைத்துக்கொண்டு நான் ஆஜராகிவிட்டேன். என்னை யாரும் நிபந்தனையில் கட்டவில்லையே.

வெளியே மழை. மாணவர்களின் செருப்பு ஈரத்தில் படியெல்லாம் நசநசவென்று இருந்தது. பூமாரி புத்தகப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வலது கையால் மரக் கம்பியைப் பிடித்து, கட்டையை முதல் படியில் வைத்தாள். சந்திரமௌலி மூன்று படி இடைவெளி விட்டுப் பின்னால் ஏறினார்.

"எதுக்குச் சார் பின்னால வாரீக?" என்றாள், திரும்பாமல்.

"நீ விழுந்துடுவியோன்னு பயமாக்கும்" என்றார். உண்மையைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார்.

"விழுந்தா நானே எந்திரிப்பேன்."

"செரி. நான் சும்மா வரேன்."

இருபத்திரண்டு படியில் நடு மாடி. அவள் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கைகளை ஊன்றி எழுந்து மறுபடி ஏறத் தொடங்கியதும், மெள்ளப் பின்தொடர்ந்திருந்த நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். முழங்கால் எனக்கும் உண்டு.

அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் மேலே போகும் படிகள் அத்தனையும் தெரியும். பத்தாவது படியில் கட்டையின் ரப்பர் ஈரத்தில் வழுக்கிற்று. பூமாரி பக்கவாட்டில் சாய்ந்தாள். பை சுவரில் மோதியது. 'ஐயோ' என்று கத்தியது நான்தான். அவள் மரக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்து, உதட்டைக் கடித்து, உடம்பை அங்குலம் அங்குலமாக நிமிர்த்தினாள். கட்டையை அதே படியில் மறுபடி வைத்து அழுத்திப் பார்த்தாள். பதினொன்றாவது படிக்குப் போனாள்.

மூன்று படி கீழே சந்திரமௌலி நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. வலது கை இடது மணிக்கட்டை, திமிறிக்கொண்டு ஓடும் எதையோ பிடித்து நிறுத்துவதுபோல, விரல்கள் வெளுக்க இறுக்கிப் பிடித்திருந்தது.