கடைசியாகக் கைவைத்தவர்

போளூர் அக்கா என் மேஜையருகே வந்து நின்று, தாளில் ஒரே ஒரு வரியைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டிய அந்த மத்தியானத்தை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. சென்னை அலுவலகத்தில் பக்கத்து இருக்கை. வாரக் கடைசியில் ஒரே பஸ்ஸில் வருவோம்; நான் ஆரணியில் இறங்கிக்கொள்வேன், அவர் போளூர் போவார்.

நாங்கள் பார்த்தது மெயின்ஃப்ரேம் என்கிற பெருங்கணினி வேலை. வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் அரதப்பழசான புரோகிராம்கள். ஒன்று இன்னொன்றைக் கூப்பிடும், அது மற்றொன்றைக் கூப்பிடும். நடுவில் ஏதாவது ஒன்று பிழையாகி ஓடாமல் விழுந்தால், எந்த வரியில் விழுந்தது, அதைக் கூப்பிட்டது எது என்று படிப்படியாகப் பட்டியல் எடுக்கலாம். டிரேஸ்பேக் என்போம். பிழையைப் பிடிப்பதற்கென்றே பொதுவான புரோகிராம் ஒன்று உண்டு; பிடித்த கையோடு அது பட்டியலை எடுத்துவிட வேண்டும். எங்களுடையதோ எது எதைக் கூப்பிட்டது என்ற தடயத்தையெல்லாம் துடைத்துவிட்டு, அடுத்த வேலையை ஓடவிட்டு, அப்புறம் சாவகாசமாகப் பட்டியல் எடுத்தது. அதில் அதன் சொந்தப் பெயரைத் தவிர வேறொன்றும் இருக்காது. இழை அறுந்தால் எங்கள் தெருவில் தறியை நிறுத்திவிட்டுத்தான் முனையைத் தேடுவார்கள், ஒரு முழம் நெய்துவிட்டுத் தேட மாட்டார்கள். இவ்வளவு படித்த எங்களுக்கு அது தெரியவில்லை.

பிழை பிடிக்கும் அந்தப் புரோகிராம் அப்போது என் பொறுப்பில் இருந்தது. “பட்டியல் எடுக்கிற இந்த வரிய மேல தூக்கி வெச்சிட்டா போதும், பேஜார் முடிஞ்சிது” என்றார் அக்கா. நான் மாட்டேன் என்றேன். எங்கள் டீமில் ஒரு சாஸ்திரம் இருந்தது: எது விழுந்தாலும் கடைசியாகக் கைவைத்தவர் தலையில். ஒவ்வொரு புரோகிராமின் உச்சியிலும் திருத்தியவர் பெயர் இருக்கும். மேனேஜர் அதை மட்டும்தான் படிப்பார். எல்லாப் புரோகிராம்களும் கூப்பிடுகிற ஒன்றில் என் பெயர் ஏறினால், ஊரார் தப்புக்கெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டும். “ஓடிகினு இருக்கறத ஏன்க்கா நோண்டணும்?” என்றேன். அவர் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

சில மாதங்களில், ஆஸ்பத்திரிச் செலவுக்கு நிறுவனம் ஒப்புதல் தரும் கடிதங்கள் பாதி போகாமல் நின்றன. படுக்கையில் கிடப்பவர்களுக்குப் போக வேண்டிய கடிதங்கள். பட்டியல் வழக்கம்போல் பிழை பிடிக்கும் புரோகிராமின் பெயரையே சொன்னது. மேனேஜர் கடிதப் புரோகிராமின் உச்சியைப் பார்த்தார். முந்தின வாரம் தேதி அச்சாகும் விதத்தை மாற்றியிருந்தவர் அக்கா. “எங்க உழுந்துச்சின்னே தெரியாம என் பேர எப்பிடிங்க சொல்றீங்க?” என்று ஒரு வாரம் கேட்டுப் பார்த்தார். அவர் காட்டிய வரியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவை முதலில் டீமிலிருந்து எடுத்தார்கள், பிறகு வேலையிலிருந்தே அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஆரணியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். போன மாதம் அதே கடிதங்கள் மறுபடி நின்றன. இந்த முறை மேனேஜரை மீறி அந்தக் காப்பீட்டு நிறுவனமே காரணம் கேட்டதால், வேறு வழியில்லாமல் அக்கா சொன்ன அந்த வரியைத் தூக்கி மேலே வைத்து மறுபடி ஓட்டினேன். முழுப் பட்டியல் வந்தது. விழுந்தது கடிதப் புரோகிராமே இல்லை. அது கூப்பிடும் ஒரு சின்னப் புரோகிராம். வார்டு எண் வெறுமையாக வந்தால், எண்தானா என்று பார்க்காமல் அப்படியே கணக்கில் சேர்த்து விழுந்துவிடும். திறந்து பார்த்தேன். உச்சியில் ஒரே ஒரு பெயர், என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த வருடம் எழுதியது.

பட்டியலை என் பெயரோடு எல்லாருக்கும் அனுப்பிவிட்டு அக்காவைப் போனில் கூப்பிட்டேன். போளூரில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறார். அன்றைக்கும் தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போட்டிருந்தால் தேவலை.

“வரிய மாத்தறதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?” என்றார்.

“அஞ்சு நிமிஷம்க்கா.”